வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்கு வராதவன்

அந்தக் காலத்து மைசூரில் ஏழைப் பிராமணப் பிள்ளைகள் படிப்பதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. கிழமைக்கு ஒரு வீட்டில் சாப்பாடு. போடுகிறவர்களுக்குப் புண்ணியம், சாப்பிடுகிறவனுக்குப் பட்டம். என்னோடு பி.ஏ. படித்த ஒருவன் எங்கள் வீட்டு வியாழக்கிழமை. அவனை 'வியாழன்' என்றே கூப்பிடுவேன். என் நகைச்சுவையின் தரம் அது.

சாதத்தில் ஒரு உருண்டையை மந்தார இலையில் மடித்து மடியில் ஒளிப்பான். ஒருநாள் பார்த்துவிட்டேன்.

"ஏண்டா வியாழா, பஞ்சம் வரதுன்னு உனக்கு மட்டும் தந்தி வந்திருக்கா?"

"வெள்ளிக்கிழமை ஆத்துல தீட்டுன்னா நீயா போடப்போறே?" என்றான்.

அம்மா இன்னொரு கரண்டி சாதம் போட்டாள். எங்கள் வீட்டில் மனோதத்துவம் படித்தவன் நான்தான், புரிந்துகொண்டவள் அவள்.

கதவுக்கு முதுகு காட்டி அவன் உட்காரமாட்டான். யாராவது தட்டினால் முகம் வெளுத்துவிடும். காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னான். அவனுக்கு ஏழு வயதில் பிளேக் சோதனைக்காரர்கள் வந்தார்களாம். தடியால் கதவில் மூன்று அடி, பிறகு கன்னடத்தில் ஓர் அதட்டல். குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே பார்த்திருக்கிறான். அம்மாவை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பவில்லை. அதே வாரம் அப்பாவும். மிஞ்சியது அவனும் கைக்குழந்தைத் தங்கையும். மேல்கோட்டை மாமா எடுத்து வளர்த்தார். அதைத் தினமும் சொல்லிக் காட்டியே வளர்த்தார்.

இப்போது தங்கைக்குப் பன்னிரண்டு வயது. ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் பேசியிருந்தார் மாமா. இவன் பி.ஏ. தேறி உத்தியோகத்தில் உட்கார்ந்து அவளை அழைத்துக்கொண்டால் விட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தார். பரீட்சை முடிவு வரும்வரை தவணை. பெரிய மனது.

மனோதத்துவப் பரீட்சை ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. எட்டு மணிக்கே அம்மா என்னை விரட்டினாள்.

"பரீட்சைக்குப் போற பிள்ளை வெறும் வயித்தோட போகப்படாது. சட்டுனு போய் அழைச்சிண்டு வாடா."

நான் செய்ததை நேராக எழுதிவிடுகிறேன். சத்திரத்தில் அவன் அறைக்குப் போனேன். கூப்பிடவில்லை. கைத்தடியால் கதவில் மூன்று அடி அடித்தேன். குரலை மாற்றி, "பாகிலு தெகீரி!" என்று அதட்டினேன். கதவைத் திறங்கள் என்று, அவன் சொன்ன அதே வார்த்தையில். பரீட்சை பயத்தில் இருப்பவன் சிரிக்கட்டும் என்ற நல்லெண்ணம்.

கதவு திறக்கவில்லை. பின்பக்கம் ஏதோ விழுந்த சத்தம். சுற்றிப் போய்ப் பார்த்தேன்; சுவரேறிக் குதித்து ஓடியிருந்தான். பயம் தெளிந்ததும் சாப்பிட வருவான் என்று வீட்டுக்கு வந்தேன். வரவில்லை. அவன் பங்கு பருப்பையும் நானே சாப்பிட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போனேன். அவன் இடம் காலி. பயம் மனிதனை என்ன செய்யும் என்று ஒரு கேள்வி வந்திருந்தது. நான்கு பக்கம் எழுதினேன்.

மாலையில் அவனுக்குத் திங்கட்கிழமைச் சாப்பாடு போடும் வீட்டு மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்குப் பின்னால் கிடைத்தான். மடியில் அவல் மூட்டை.

"அவா போயிட்டாளா?" என்று கேட்டான்.

"போயிட்டா" என்றேன். அவா நான்தான் என்று சொல்லவில்லை.

நான் முதல் வகுப்பில் தேறினேன். அந்தப் பாடத்தையே முப்பது வருஷம் கல்லூரியில் கற்பித்தேன். அவன் மறுவருஷம் எழுதலாம் என்றார்கள்; மாமாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆனியில் தங்கைக்குக் கல்யாணம். எனக்கும் அழைப்பு வந்தது, போனேன்.

பந்தியில் அவன்தான் நெய் பரிமாறினான். என் இலைக்கு முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கு யாரோ கதவு மாறித் தட்டிட்டான்னு நெனைக்கறேன்."

"இருக்கும்" என்றேன். இன்னும் கொஞ்சம் நெய் விடச் சொன்னேன். விட்டான்.