ஏழாம் துண்டு

உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு கிருஷாந்தி அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறி, ஹட்டன் பஜாரில் கணேசமூர்த்தியின் தராசுக் கடைக்கு பில் போட வந்தாள். பில் மேசையிலிருந்து பின்கட்டிலிருந்த பழுதுபார்க்கும் மேசைக்கு அவள் எப்போது நகர்ந்தாள் என்று கடைக்காரருக்கே ஞாபகமில்லை. டிஜிட்டல் தராசுகள் வரத் தொடங்கியபோது, அவற்றின் உள்ளே இருக்கும் சில்லுக்கு நிரல் எழுத ஆள் தேவைப்பட்டது. கிருஷாந்தி ஒரு பழைய கணினியை வைத்துக்கொண்டு, பிழை விடுவதும் திருத்துவதுமாகத் தானே கற்றுக்கொண்டாள். இப்போது அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் தராசுகள் பலவற்றில் அவள் எழுதிய நிரல்தான் ஓடுகிறது.

கணேசமூர்த்தியின் கடையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. தராசிலிருந்து கழற்றிய பாகத்தை, அது உடைந்த ஆணியாக இருந்தாலும், வாடிக்கையாளரின் கண் முன்னால் தட்டில் வைக்க வேண்டும். இது முதலாவது. ஒரு பாகத்துக்குக் கொடுத்த எண்ணை, அந்தப் பாகம் வழக்கொழிந்து போனாலும், வேறொன்றுக்குக் கொடுக்கக்கூடாது. இது இரண்டாவது. முன்பு யாரோ பழைய ஸ்பிரிங்கின் எண்ணைப் புது ஸ்பிரிங்குக்குக் கொடுத்து, ஒரு கடையின் தராசு மாதக்கணக்கில் தவறாக நிறுத்ததாம்.

இந்த இரண்டாவது வழக்கத்தைக் கிருஷாந்தி தன் நிரலுக்கும் கொண்டுவந்திருந்தாள். அவள் நிரலை ஒரே நீளமாக எழுதுவதில்லை. எடையை வாசிக்க ஒரு துண்டு, திரையில் எண்ணைக் காட்ட ஒரு துண்டு, கழிவைக் கணக்கிட ஒரு துண்டு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைப் பேராக வைப்பாள். ஒவ்வொரு துண்டையும் கணினி தன் மொழிக்கு மாற்றும்போது ஓர் ஒப்ஜெக்ட் ஃபைல் கிடைக்கும். அப்படிக் கிடைத்தவற்றையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி லைப்ரரியாக வைத்திருந்தாள். கடையில் அதற்குப் பெட்டி என்று பேர். தராசுக்கு நிரல் சேர்க்கும்போது, லிங்கர் என்ற வேறொரு நிரல் அந்தப் பெட்டியைத் திறந்து, தனக்கு வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

எடை வாசிக்கும் துண்டு மட்டும் அவள் எழுதியதல்ல. சில்லோடு வந்தது அது. அதன் மூல நிரல் யாரிடமும் இல்லை. பெட்டியைக் கலைத்தால் அதுவும் போய்விடுமோ என்ற பயத்தில், பெட்டியை அவள் ஒருநாளும் காலி செய்ததில்லை. திருத்திய துண்டைப் பெட்டியில் போட்டால், அதே பேரில் இருக்கும் பழையதை அகற்றிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். புதுப் பேரில் போட்டால் கடைசியில் போய் உட்காரும். இவ்வளவும் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அது நடந்தது.

அவள் பிறந்த தோட்டத்திலேயே மழை நாள் நிறுவையில் வெகுகாலமாகத் தகராறு இருந்தது. மழை பெய்தால், சாக்கு நனைந்திருக்கிறது என்று சொல்லி, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு செல்லசாமி ஒவ்வொரு சாக்குக்கும் இரண்டு கிலோ வெட்டுவார். தோட்டம் டிஜிட்டல் தராசு வாங்கியபோது அந்த வெட்டையும் உள்ளே வைக்கச் சொன்னார்கள். தராசில் மழைப் பொத்தானை அமுக்கினால் போதும், இரண்டு கிலோ கழியும். அதுதான் ஏழாம் துண்டு. பெண்கள் அந்தத் தராசில் நிறுக்க மறுத்தார்கள். முன்னால் நின்று பேசியது காளியாயி, கிருஷாந்தியின் சின்னம்மா. பல பேச்சுவார்த்தைக்குப் பிறகு தோட்டம் இறங்கிவந்தது. ஒரு வெற்று ஈரச் சாக்கை முதலில் தராசில் வைத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். அந்தச் சாக்கின் எடை எவ்வளவோ அவ்வளவுதான் கழிய வேண்டும்.

கிருஷாந்தி புதுக் கழிவை எழுதினாள். ஏழு என்ற எண் முடிந்துபோன பாகத்தின் எண். ஆகவே கடை வழக்கப்படி புதியதற்குப் பன்னிரண்டு என்று பேர் வைத்தாள். அதைத் தனியாக ஓடவிட்டுப் பலமுறை சோதித்தாள், சரியாக இருந்தது. பெட்டியில் போட்டாள், தராசில் ஏற்றினாள். காளியாயி தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகப் போய், "எங்க புள்ள செஞ்சது, நம்பி நிறுங்க" என்று சொல்லியிருந்தாள்.

முதல் மழை நாளில் கிருஷாந்தியும் வந்து கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நின்றாள். பகல் நிறுவை. வெற்றுச் சாக்கை வைத்துச் செல்லசாமி பொத்தானை அமுக்கினார். முதல் ஆளாகக் காளியாயி தன் சாக்கைத் தூக்கி வைத்தாள். திரையைப் பார்த்தாள். சாக்கை இறக்கி, மூலையில் தொங்கிய பழைய தராசில் மாட்டினாள். அது பதினான்கைக் காட்டியது. புதியது காட்டியது பன்னிரண்டு.

"வெறுஞ் சாக்கு அரைக் கிலோகூட வராதே?" என்றாள் நிஷாந்தி, வரிசையில் அடுத்து நின்றவள்.

"இந்தப் பொட்டிக்கும் பகல் சாப்பாடு வேணுமில்ல. நம்ம கொழுந்தத்தான் திங்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. காளியாயி சிரிக்கவில்லை.

"என்னா புள்ள இது?"

"பாக்குறேன் சின்னம்மா."

"பாரு. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

செல்லசாமி குனிந்து மெதுவாகச் சொன்னார்: "பேட்டரி வீக்குன்னு சொல்லிருவோமா? அந்தி நிறுவைக்குள்ள சரி பண்ணிரும்மா."

"பேட்டரி நல்லாத்தானே இருக்குங்க ஐயா."

மடுவத்துப் பலகையில் மடிக்கணினியைத் திறந்தாள். பன்னிரண்டாம் துண்டை முதல் வரியிலிருந்து வாசித்தாள். ஒரு பிழையும் இல்லை. மறுபடி வாசித்தாள். எழுதியது சரியாக இருந்து, நிறுத்தது பிழையாக இருந்தால், ஓடுவது தான் எழுதியதுதானா என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்று காட்டச் சொன்னாள். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. ஆறுக்குக் கீழே ஏழு, அசையாமல் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு கடைசியில் இருந்தது.

துண்டுகளின் எண் வேறானாலும், உள்ளே இரண்டும் கழிவு என்ற ஒரே அழைப்புக்குப் பதில் சொல்பவை. லிங்கர் பெட்டியில் தேடி, முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டது. வேலை முடிந்ததால் பன்னிரண்டை அது தொடவே இல்லை. பிழை என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. புதியதற்கும் ஏழு என்றே பேர் வைத்திருந்தால் பழையது தானாகவே போயிருக்கும். தவறு வராமலிருக்க வைத்த வழக்கமே தவறுக்கு இடம் கொடுத்துவிட்டது. பன்னிரண்டைத் தனியாகச் சோதித்தாளே தவிர, பெட்டியிலிருந்து வந்ததைச் சோதிக்கவில்லை.

எடை வாசிக்கும் துண்டுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஏழைப் பெட்டியிலிருந்து நீக்கினாள். மறுபடி இணைத்துத் தராசில் ஏற்றினாள். அந்தி நிறுவைக்குப் பெண்கள் வந்தபோது நடந்ததைச் சொன்னாள்.

"பழைய வெட்ட உள்ளேருந்து எடுக்காம விட்டுட்டேன். தப்பு என் மேலதான். இப்ப எடுத்தாச்சு."

"எடுத்தத காட்டு" என்றாள் காளியாயி. "மூர்த்தி மொதலாளி கடையில கழட்டுனத தட்டுல வச்சுக் காட்டுவாங்கன்னு நீதானே பெருமையாச் சொல்லுவ?"

கிருஷாந்தி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, ஆறு, எட்டு. ஏழு இல்ல."

"இது ஒன் பொட்டி. அந்தா, அந்தத் தராசுக்குள்ள என்னா இருக்குன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

கேட்டது கோபத்தில் என்றாலும் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருந்தது. இதே கேள்வியைத் தராசைக் கொண்டுவருமுன் கிருஷாந்தியல்லவா தன்னிடம் கேட்டிருக்க வேண்டும். அன்று அந்தி நிறுவை பழைய தராசிலேயே நடந்தது. துணி போர்த்திய புதுத் தராசைக் கடந்து, காளியாயி மழைக்குத் தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தாள். வாக்குக் கொடுத்தவளை யாரும் கேலி செய்யவில்லை. கிருஷாந்திக்கு அதுதான் தாங்கவில்லை.

ஹட்டனுக்குத் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தாள். தராசுத் திரையில் எண்கள் மட்டும்தான் தெரியும், அதுவே போதும். தராசின் சுவிட்சைப் போட்டதும், உள்ளே சேர்ந்திருக்கும் துண்டுகளின் எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போக வேண்டும். அந்த எண்களை அவள் கையால் எழுதிவைக்கவில்லை. கையால் எழுதினால், உள்ளே ஒன்று இருக்கத் திரை வேறொன்றைச் சொல்லக்கூடும். லிங்கர் எதையெதை எடுத்துச் சேர்த்தது என்று அதுவே தரும் விவரத்திலிருந்து எண்கள் தாமாக வரும்படி செய்தாள். பிறகு வேண்டுமென்றே ஏழைப் பெட்டியில் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். திரையில் ஏழு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஏழை மறுபடி எடுத்தாள்.

"நம்ம தட்டு இப்ப தெரையில போகுது" என்றார் கணேசமூர்த்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

அடுத்த மழை நாளில் அவள் தராசைச் சின்னம்மாவின் முன்னால் வைத்தாள். "ஏழு வந்தா பழைய வெட்டு உள்ள இருக்குன்னு அர்த்தம். பன்னெண்டு வந்தா புதுசு."

காளியாயி திரைக்கு முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் நின்றாள். பின்னால் பெண்கள் சாக்கோடு காத்திருந்தார்கள். மழை தகரத்தில் அடித்தது. நான்கு, ஐந்து, ஆறு. எட்டு. கடைசியில் பன்னிரண்டு.

"மறுக்காப் போடு."

செல்லசாமி அணைத்துப் போட்டார். எண்கள் மறுபடி ஓடின.

"ஏழு வரல" என்று காளியாயி பின்னால் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். செல்லசாமி வெற்று ஈரச் சாக்கை வைத்துப் பொத்தானை அமுக்கியதும், தன் சாக்கைத் தூக்கித் தராசில் வைத்தாள். நிறுத்து முடிந்ததும் பழைய தராசிலும் ஒருமுறை மாட்டிப் பார்த்தாள். வித்தியாசம் அந்த ஈரச் சாக்கின் எடை மட்டும்தான். கிருஷாந்தி அதைத் தடுக்கவில்லை. இரண்டாவதாக நிறுத்த சாக்கைச் சரிபார்க்க அவளே தூக்கிப் பழைய தராசில் மாட்டினாள்.