பத்து நாள் எரியும்

"ஆரம்பத்துல கொஞ்சம் வலிக்கும்மா. போகப்போகப் பழகிடும்."

செவ்வாய்க்கிழமைதோறும் ஏறக்குறைய பதினொன்றே முக்கால் மணிக்கு இந்த வாக்கியத்தைச் சொல்லிவந்தேன். மரக்காணத்தை ஒட்டிய உப்பளக் கிராமங்களில் பத்தொன்பது வருடமாகக் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளுக்குத் தாய்ப்பால் பற்றிப் பாடம் எடுப்பது என் பொறுப்பு. பாடம் என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் பதினான்கு வரிகளாக இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் சொல்லி முடித்ததும் பென்சிலால் ஒரு டிக். வலியைப் பற்றியது பதினோராவது வரி.

போன பங்குனியில் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கர்ப்ப காலத்தில் சொல்லிக்கொடுத்தது பிரசவத்துக்குப் பிறகு உதவியதா என்று புதுத் தாய்மார்களைக் கேட்டு நிரப்ப வேண்டும். எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: மிக நன்று, நன்று, சுமார், பயனில்லை. அடியில் 'தாயின் கருத்து' என்று ஒரு கோடு. பாடம் நடத்தியவளே வீடு தேடிப் போய்ப் பாடம் எப்படி என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? அன்றைய பக்கத்தில் இதை எழுதியிருக்கிறேன். முழங்கால் வலி மாத்திரை போட்ட நேரமும் அதற்குக் கீழே இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை படிவங்களையும் எடைக் கருவியையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

முதல் வீட்டுப் பெண் படிவத்தைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னா நர்சம்மா, பரீட்சையா? எல்லாத்துக்கும் மிக நன்றுன்னே போட்டுக்கோங்க. நமக்குள்ள இன்னா."

"அப்படி இல்லம்மா. உண்மையச் சொல்லு."

"உண்மையா? காலைல வெறும் வயித்தோட வரச் சொல்லிட்டீங்க. ரத்தம் எடுத்த கை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. நீங்க சீம்பாலப் பத்திப் பேசிக்கினு இருந்தீங்க, நான் சாம்பாரப் பத்தி நெனச்சிக்கினு இருந்தேன்."

இரண்டாவது வீட்டுப் பெண் பாடத்தை அப்படியே ஒப்பித்தாள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கிடையாது, எல்லாம் சரி. "ஆனா புள்ளையக் கையில குடுத்தாங்க பாருங்க, எந்தக் கை தலைக்கு, எந்தக் கை முதுகுக்கு, ஒண்ணும் ஞாபகம் வரல. பக்கத்து பெட்டு அக்காதான் புடிச்சிக் காட்டுச்சு" என்றாள். 'நன்று' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எந்த வகையில் நன்று என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது வீட்டை அடைந்தபோது மணி பன்னிரண்டு பத்து. உப்பு வாரும் காலம். குழந்தையின் அப்பா அளத்தில் இருந்தான். மாமியாரும் விடியற்காலையில் கூடை சுமக்கப் போய்விட்டு அப்போதுதான் திரும்பி, கணுக்கால் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். மருமகளும் ஐந்தாம் மாதம் வரை அந்த வேலைக்குப் போனவள்தான். முதல் பிரசவம், பெண் குழந்தை, பன்னிரண்டாவது நாள்.

ஏழாம் நாள் நான் இங்கே வந்திருந்தேன். எடைக் கருவியில் பேட்டரி தீர்ந்திருந்தது. வானூரில் இரண்டு மணிக்கு ஒரு கூட்டம். "பால் குடிக்குதா?" என்று கேட்டேன். "குடிக்குதுங்க" என்றாள். 'தாய்ப்பால் மட்டும் – ஆம்' என்று பதிந்துவிட்டு ஆறு நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். ஆறு நிமிடம் என்பதும் நாட்குறிப்பில் இருக்கிறது.

இப்போது புதுப் பேட்டரி. பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு கிராம். மூன்றாம் நாள் இரண்டு அறுநூற்று அறுபது. முதல் சில நாள் குறைவது வழக்கம், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும். கருவி இரண்டு ஐந்நூற்று நாற்பது காட்டியது. குழந்தையைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டேன். அதே எண்.

"பாத்தீங்களா?" என்றார் மாமியார். "புள்ள எலும்பாப் போயிடுச்சு. இவளுக்குப் பாலு ஊறல. அதான் டப்பா வாங்கியாந்துட்டேன். நாளைக்குத் தண்ணி காய வெச்சிக் கரைச்சிடுவேன்."

அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பால் மாவு டப்பா இருந்தது. இன்னும் திறக்கவில்லை.

குழந்தை அழுதது, மருமகள் மார்பில் போட்டாள். நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியைப் படித்தேன்: "பயிற்சி உங்களுக்குப் பயன்பட்டதா?"

"மிக நன்றுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அப்போதுதான் அவள் கால்களைப் பார்த்தேன். வெடித்த பாதங்கள், உப்பளத்துக் கால்கள். பத்து விரல்களும் சிமென்ட் தரையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"வலிக்குதாம்மா?"

"வலிக்கும்தானே."

"எவ்ளோ நாளா?"

"மொதல் நாள்லேர்ந்து. நீங்கதானே சொன்னீங்க? ஆரம்பத்துல வலிக்கும், போகப்போகப் பழகிடும்னு."

காம்பைக் காட்டச் சொன்னேன். இரண்டு பக்கமும் வெடித்து, ஒரு பக்கம் ரத்தம் காய்ந்திருந்தது.

"இப்படி இருக்குதே, ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"இதுக்குப் போயா? உப்புப் பாத்தியில எறங்குனா பத்து நாளு கால் எரியும். அப்புறம் தோலு காய்ச்சிப்போயி ஒண்ணும் தெரியாது. யாராவது போன் பண்ணி எரியுதுன்னு சொல்வாங்களா? இதுவும் பத்து நாளுன்னு நெனச்சேன்."

"இன்னிக்குப் பன்னெண்டு."

"எனக்குத் தோலு கொஞ்சம் லேட்டு போலிருக்குதுன்னு நெனச்சேங்க."

சீக்கிரம் காய்த்துப்போகட்டும் என்று கல் உப்பைக் கரைத்துத் தடவிக்கொண்டும் இருந்திருக்கிறாள். கழுவிவிட்டுத்தான் பால் கொடுத்தாளாம். இனிமேல் உப்பு பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நான் எது சொன்னாலும் தலையாட்டுகிற பெண். பாடத்தில் சொன்னதை ஒரு எழுத்துக்கூட விடாமல் கடைப்பிடித்ததால்தான் அவளுக்கு இந்த நிலை.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க மறுத்தது. பால் கொடுப்பதைக் காட்டச் சொன்னேன். குழந்தையின் மூடிய உதட்டில் காம்பை வைத்து அழுத்தினாள். குழந்தை நுனியை மட்டும் கவ்விச் சப்பியது. இப்படிச் சப்பினால் காம்பு வெடிக்கும், பால் வராது.

"வாயை அகலமாத் தெறக்கட்டும்மா. கொட்டாவி விடுற மாதிரி. அதுவரைக்கும் காத்திரு."

"உங்க பொம்மை வாயை மூடிக்கினுதானே இருந்துச்சு?"

உண்மைதான். பாடத்துக்கு நான் எடுத்துப் போகும் துணிப் பொம்மைக்கு வாய் என்பது சிவப்பு நூலில் ஒரு தையல். அதை மார்போடு அணைத்துப் பிடித்துக் காட்டுவேன். அவள் எட்டு மாத வயிற்றோடு முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கவனமாகப் பார்த்திருக்கிறாள்.

குழந்தையின் வயிறு தாயின் வயிற்றில் ஒட்டும்படி திருப்பிப் பிடித்தோம். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை குழந்தை வாயைப் பிளந்தபோது, காம்பைச் சுற்றிய கருப்புப் பகுதியும் உள்ளே போகும்படி சேர்த்தணைத்தாள். தாடை பெரிதாக அசைந்தது. விழுங்கும் சத்தம் கேட்டது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகத் தரையை விட்டன.

டாக்டருக்குப் போன் செய்தேன். குழந்தை விழிப்பாக இருக்கிறதா, எத்தனை முறை சிறுநீர் போகிறது என்று கேட்டார். நாளை எடை இறங்கினாலோ குழந்தை சோர்ந்தாலோ உடனே கூட்டிவரச் சொன்னார், இல்லாவிட்டால் வியாழன் வரை பார்க்கலாம் என்றார். ஒவ்வொரு முறை கொடுத்த பிறகும் மீதிப் பாலைப் பீய்ச்சிச் சங்கால் குழந்தைக்குப் புகட்ட வேண்டும்.

"வியாழக்கிழமை வரைக்கும் டப்பாவைத் தெறக்காதீங்கம்மா" என்றேன் மாமியாரிடம்.

"தெறக்காம, புள்ள இன்னும் எளைச்சிட்டா? நீங்க பதில் சொல்வீங்களா?"

"நான்தான் சொல்லணும்."

செவ்வாய் காலை ஏழரைக்கே போனேன். இரண்டு ஐந்நூற்று ஐம்பது. பத்து கிராம் என்பது கருவியின் பிசகாகக்கூட இருக்கலாம். குழந்தை முழித்துக்கொண்டு கையை ஆட்டியது. மாமியார் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் பதினைந்து கர்ப்பிணிகள் பெஞ்சில் இருந்தார்கள். பத்து வரி சொல்லி டிக் அடித்தேன். பதினோராவது வரியில் பென்சில் நின்றது. இனி என்ன சொல்வது என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. "வலிச்சா ஏதோ தப்புன்னு அர்த்தம். அன்னிக்கே எனக்கு போன் பண்ணுங்க" என்றேன். என் நம்பரை இரண்டு முறை சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு வாசனை வந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் பொம்மையின் வாயைக் கத்தரியால் வெட்டினேன். பஞ்சு வெளியே வந்தது. உள்ளே ஒரு சிவப்புத் துணி வைத்துத் தைத்தேன். அழகாக வரவில்லை. பிறகு பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். பவுடர் பாலுக்குப் போன தாய்மார்களைப் பற்றி என் ஒழுங்கான கையெழுத்தில் ஒரே காரணம்தான் எழுதியிருந்தது: பால் போதவில்லை. எத்தனை பேரின் காலைப் பார்த்தேன் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. மூன்று நோட்டுகளுக்கு மேல் புரட்ட முடியவில்லை. அலுப்பாக இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

வியாழன் காலை எட்டு இருபது. இரண்டு அறுநூற்று முப்பது. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அறுநூற்று முப்பது. மாமியார் குனிந்து எண்ணைப் பார்த்தார்.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சும்மா. இன்னும் ஏறணும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ வருவேன்."

"ம்" என்றார். டப்பாவைச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்து மேல் தட்டில், பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்தார். தூக்கிப் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

படிவத்தில் எட்டுக் கேள்விகளுக்கும் திங்கட்கிழமையே டிக் போட்டாகிவிட்டது, எல்லாம் மிக நன்று. மாற்றட்டுமா என்று மருமகளிடம் கேட்டேன். வேண்டாங்க, உங்களுக்கு ஏதாவது ஆயிடும் என்றாள். கருத்து என்ற கோடு மட்டும் காலியாக இருந்தது. என்ன எழுதட்டும் என்றேன்.

குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. அது வாயை விடும்வரை அவள் யோசித்தாள்.

"பழகிடும்னு எங்ககிட்ட சொல்லாதீங்கன்னு எழுதுங்க நர்சம்மா. நாங்க எதுக்கும் பழகிக்குவோம்."

கோட்டில் இடம் போதவில்லை. மீதியைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.