பாலம் வரும்வரை பேசக்கூடாது

திங்கட்கிழமைக் காலை நகரப் பேருந்துக்கென்று ஒரு வாசனை இருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இறக்கிவைத்த மீன்கூடைகளின் ஈர வாடை, யார் தலையிலோ வாடிக்கொண்டிருக்கும் முந்தின நாள் மல்லிகை, சூடேறிய டீசல், எங்கள் இரட்டைச் சடைகளில் அம்மாக்கள் அள்ளிப் பூசிய தேங்காய் எண்ணெய், எல்லாம் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. கெடிலம் பாலம் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அன்றைக்கு எங்கள் சட்டம்.

கடலூர் முதுநகரை நாங்கள் 'ஓ.டி.' என்போம். ஸ்டெல்லாவும் நானும் அங்கே ஒரே தெரு, மஞ்சக்குப்பத்தில் பள்ளிக்கூடம். மூன்றாவது ஆளான மாலதி திருப்பாப்புலியூரில்தான் ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் ஒரு விண்வெளித் தொடர் வரும். வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேசவிட்டிருந்தார்கள். பூமியிலிருந்து கிளம்பிய ஒரு கப்பல் வழி தவறி நட்சத்திரங்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும், வாரம் ஒரு கிரகத்தில் வம்பில் மாட்டும். அதை நாங்கள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, 'கப்பல்' என்றால் அதுதான். பார்த்த கதையைப் பற்றி ஒருத்தி மட்டும் முன்கூட்டிப் பேசிவிட்டால் மற்றவளுக்குப் பேச என்ன மிச்சம் இருக்கும்? அதனால் மாலதி ஏறி, பேருந்து பாலத்தில் சக்கரம் வைத்த பிறகுதான் பேச்சு. அதுவரை ஸ்டெல்லாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம், பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

பாலத்தில் ஏறியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். அந்த இயந்திர மனிதன் பொய் சொல்கிறான் என்பாள் மாலதி. அவளுக்கு எல்லார் மேலும் சந்தேகம். கப்பலின் தலைவியே மனுஷி இல்லை, உள்ளே கம்பிதான் இருக்கிறது என்று இரண்டு மாதம் சாதித்தவள். எனக்குச் சண்டைக் காட்சிகள் போதும், விளக்கமெல்லாம் வேண்டாம். ஸ்டெல்லாவுக்கு ஒரே ஒரு கவலை, தலைவி வீட்டுக்குத் திரும்புவாளா என்பது. தலைவிக்குப் பூமியில் ஒரு பெண் குழந்தை இருந்தது. ஸ்டெல்லாவின் அப்பா குவைத்தில் இருந்தார், அவள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. "எச்.எம். வந்துடுவாங்க, பாரேன்" என்பாள், அவ்வளவுதான்.

எச்.எம்., அதாவது தலைமையாசிரியை, என்பது நாங்கள் தலைவிக்கு வைத்த பெயர். குள்ளமாக, கறுத்த குட்டை முடியோடு, சின்ன வயதாக இருந்தாலும் அவள் அதட்டுகிற அதட்டலில் கப்பலே காலை வழிபாட்டுக்கு நிற்பதுபோல நிற்கும். வாயில் நுழையாத பெயர்களை எங்கே போய் ஞாபகம் வைத்துக்கொள்வது? இயந்திர மனிதனுக்குத் 'தகர டப்பா', பொறியாளருக்கு 'மெக்கானிக் மாமா', வயதான பெண் மருத்துவருக்கு 'ஊசி' என்று ஆளுக்கொரு பட்டம் கட்டிவிட்டோம். என் அம்மாவுக்கு இதெல்லாம் கட்டோடு பிடிக்காது. "அந்த ராக்கெட்டு வந்து உனக்குப் பரீட்ச எழுதப் போவுதா?" என்று கேட்டபடியே துணி மடிக்க வந்து உட்கார்வாள், 'தொடரும்' என்று போட்டதும் எங்களைவிடச் சத்தமாக "அடப்பாவிங்களா" என்பாள்.

எங்கள் கூட்டத்தில் நான்காவதாக ஓர் ஆள் உண்டு. அவர் அந்தப் பேருந்தின் நடத்துநர், ரங்கநாதன் அண்ணன். தனியார் வண்டி, ஞாயிற்றுக்கிழமையும் வேலை, விடுப்பெல்லாம் வாரத்தின் நடுவில். அதனால் அந்தத் தொடரில் ஒரு பகுதியைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் "இன்னா கூச்சல் இது, எறக்கி வுட்ருவேன்" என்று மிரட்டத்தான் வந்தார். பிறகு பின்னாலிருந்து சீட்டுக் கிழித்துக்கொண்டு வருகிறவர் சரியாகப் பாலம் வரும்போது எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் தீர்ப்பும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அந்தத் தகர டப்பாவ நம்பாதம்மா. ரொம்பப் பணிவா பேசறவன எங்க வேலையில ஜாஸ்தி பாத்திருக்கேன், அவன் டிக்கெட்டே எடுத்திருக்க மாட்டான்."

மறு வாரம் தகர டப்பா கப்பலைக் காட்டிக்கொடுத்தது. நாங்கள் ஆடிப்போனோம். மீன்கூடை அக்காக்கள் உட்பட அந்த வண்டியில் பாதிப் பேருக்கு 'கப்பல்' கதை அத்துப்படி ஆனது அதற்குப் பிறகுதான். ஒரு தொடரை இத்தனை பேர் பார்க்காமலேயே ரசித்தது வேறெங்கும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஸ்டெல்லா வீட்டில் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிக்கு முந்தின பகுதியைப் பார்த்தோம். கப்பல் உடைகிறது, எல்லாரும் ஒரு சின்ன ஓடத்துக்கு ஓடுகிறார்கள், எச்.எம். மட்டும் இன்னும் வரவில்லை. தொடரும். புத்தாண்டுச் சிறப்பு நிகழ்ச்சிகளுக்காக ஒரு வாரம் தள்ளி, அதற்கடுத்த ஞாயிறுதான் இறுதிப் பகுதி என்று அறிவித்தார்கள். ஸ்டெல்லா கேக்கைத் தின்னவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் 'தானே' புயல் வந்தது. அதைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடிந்து பார்த்தபோது தெருவில் மரம் எது, மின்கம்பம் எது என்று தெரியவில்லை. ஸ்டெல்லா வீட்டுக் கூரைத் தகடுகள் எங்கே போயின என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவளும் அவள் அம்மாவும் எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொண்டார்கள். கரண்டு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஸ்டெல்லாவின் அம்மா குவைத்துக்கு எப்படியோ பேசிவிட்டு வந்து, பொங்கலுக்கு முன்னால் மெட்ராஸில் சித்தப்பா வீட்டுக்கே போய்விடுவது, இனி படிப்பும் அங்கேதான் என்று சொன்னார். ஸ்டெல்லா அதற்கு அழவில்லை. "அப்ப கப்பல்?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தபோது ஒருநாள் ரங்கநாதன் அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் வீட்டிலும் சுவர் இடிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "எச்.எம். ஓடத்துல ஏறிட்டாங்களா இல்லியா?" என்பதுதான்.

"இந்த ஞாயித்துக்கெழமதாண்ணே கடைசி. எங்க பாக்கறது, கரண்டே இல்லியே" என்றேன்.

"நா பொங்கலுக்குள்ள மெட்ராஸ் போறேண்ணே. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும்" என்றாள் ஸ்டெல்லா. சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

அவர் கொஞ்சம் யோசித்தார். நகரப் பேருந்து சரியாக ஓடாததால் முதலாளி அவரைச் சிதம்பரம் வண்டிக்கு மாற்றியிருந்தார். சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை, அங்கே ஜெனரேட்டர் வைத்து டி.வி. ஓடுகிறது, மதியச் சாப்பாட்டுக்கு வண்டி நிற்கும் நேரமும் அதுதான். "நா பாத்துட்டு வரேன். திங்கக்கெழம காலையில மட்டும் பழைய வண்டிக்கு வந்துடறேன், நீங்க மூணு பேரும் ஏறுங்க" என்றார்.

திங்கட்கிழமை பள்ளி திறந்திருந்தது. ஸ்டெல்லா மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் அம்மாவோடு வந்தாள். கடைசியாக ஒரு தடவை சீருடை போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தாள். வண்டியில் அண்ணன் எங்களுக்கு முகம் கொடுக்கவே இல்லை. ஸ்டெல்லா இரண்டு முறை சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "பாலம்" என்றார் அவர். சட்டம் போட்டது நாங்கள், யாரை நொந்துகொள்வது? அவரோடு சிதம்பரம் வண்டியில் போயிருந்த ஓட்டுநர்தான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சோத்துப் பொட்டலத்தப் பிரிக்காம டி.வி. கிட்டவே நின்னாரும்மா ஒங்க அண்ணன். சேனல மாத்தச் சொல்லி டீக்கடையில ஒரே தகராறு."

திருப்பாப்புலியூரில் மாலதி ஏறினாள். பாலம் வந்தது. கீழே கெடிலம் கலங்கலாக ஓடியது, கரையில் தென்னைகள் கழுத்து ஒடிந்து கிடந்தன. வாரத்துக்கு வாரம் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, முதல் தடவையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஓடம் வந்து எறங்குச்சி. சனமெல்லாம் நிக்கிது. கதவு தொறந்துச்சி. மொத ஆளா எச்.எம்.தான் வந்தாங்க. தல பூரா நரச்சிப் போயிருந்துச்சி. ஒரு சின்னப் புள்ள ஓடியாந்து காலக் கட்டிக்கிச்சி. அவுங்க அந்தப் புள்ளயத் தூக்கிக்கிட்டு நடந்து போயிட்டாங்க. முடிஞ்சிபோச்சி."

ஒரு மீன்கூடை அக்கா, "வந்து சேந்துட்டாளா, நல்லாருக்கட்டும்" என்றார்.

"நரச்சிருந்துச்சா? எச்.எம்.முக்குக் கறுப்பு முடிண்ணே" என்று மாலதி மடக்கினாள்.

அண்ணன் தடுமாறினார். "நா பாத்தேம்மா. நரதான்" என்றார்.

காப்பாற்றியது ஸ்டெல்லா. "விண்வெளியில வருஷம் வேற மாரி ஓடும்டி. அவுங்களுக்கு முப்பது வருஷம் ஆயிருக்கும், இங்க கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும்" என்றாள். மாலதியே ஒப்புக்கொள்ளும்படி அவ்வளவு அறிவியலாக இருந்தது அது. மஞ்சக்குப்பத்தில் இறங்கும்போது ஸ்டெல்லா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நா சொன்னேன்ல, வந்துடுவாங்கன்னு" என்றாள். அவள் அழுததையும் சிரித்ததையும் அன்றைக்குத்தான் ஒன்றாகப் பார்த்தேன். மறுநாள் அவர்கள் மெட்ராஸ் போய்விட்டார்கள்.

போன வருஷம் அந்தத் தொடரை இணையத்தில் யாரோ முழுசாக ஏற்றியிருப்பதைப் பார்த்தேன். நேராக இறுதிப் பகுதிக்குப் போனேன். ஓடம் வந்து இறங்குகிறது, சனமெல்லாம் நிற்கிறது, கதவு திறக்கிறது. முதலில் இறங்குவது 'ஊசி', நரைத்த தலையோடு அந்த மருத்துவர். தாயை எதிர்பார்த்து நின்ற குழந்தை ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொள்கிறது. ஓடத்தைக் கிளப்பிவிடுவதற்காக எச்.எம். உடைகிற கப்பலிலேயே நின்றுவிட்டிருந்தாள்.

அண்ணன் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் வைத்த பட்டப்பெயர்கள்தான். திரையில் யாரும் யாரையும் எச்.எம். என்று கூப்பிடப்போவதில்லை. எந்த முகத்தையும் முன்பின் பார்த்திராத மனிதர், தலைமையாசிரியை என்றால் நரைத்த தலையோடு மிடுக்காக நடந்து வருகிற அந்தம்மாதான் என்று முடிவு செய்துகொண்டு, பசியோடு மூன்று சிறுமிகளுக்காக அதைச் சுமந்து வந்திருக்கிறார்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"மெட்ராஸ் போன மறுவாரமே மறு ஒளிபரப்புல பாத்துட்டேன்டி."

"ஏண்டி சொல்லல?"

"ஒன்கிட்ட சொன்னா நீ பாலத்துல சொல்லிடுவ. அவுரு சோறு துன்னாம நின்னு பாத்துட்டு வந்தாரு. அவுரு கொண்டாந்த முடிவே எனக்குப் போதும்னு வுட்டுட்டேன்." பிறகு, "அடுத்த வருஷம் அப்பாவும் வந்துட்டாரு. தல நரச்சிதான் வந்தாரு" என்றாள்.

இப்போது அந்த வண்டி ஓடுவதில்லை, அந்தத் தடத்தையே எடுத்துவிட்டார்கள். என் அக்கா மகன் ஒரு தொடரின் எல்லாப் பகுதிகளையும் காதில் மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் பார்த்துவிட்டு எழுந்து போகிறான், 'தொடரும்' என்ற சொல் அவனை ஒருநாளும் வதைத்ததில்லை. அவன் கொடுத்துவைத்தவன் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காத்திருக்க ஒரு பாலமும், காது கொடுக்க ஒரு வண்டி நிறைய ஆட்களும் எங்களுக்குக் கிடைத்தார்கள். அதற்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திருப்பாப்புலியூர் கடைத்தெருவில் ரங்கநாதன் அண்ணனைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தார், கையில் கரும்பு. என்னை அடையாளம் கண்டுகொண்டதும் பழைய கேள்விதான் வந்தது.

"எச்.எம்.முக்கு அப்பறம் இன்னாம்மா ஆச்சி? அடுத்த பாகம் கீகம் வந்துச்சா?"

"வந்துச்சிண்ணே" என்றேன். "ரிட்டயர்டு ஆயிட்டாங்க. புள்ளயோட நல்லா இருக்காங்க."