ஜன்னலை ஒரு விரல் திற

எங்கள் ரோட்டில் ஒரு வீடு நல்ல வீடா என்று தெரிந்துகொள்ள, கட்டி எத்தனை வருஷமாயிற்று என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. நவம்பர் மாதத்தில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி ஜன்னலோரமாகப் பிடிப்பார்கள். சுடர் அசையாமல் நின்றால் அது வீடு, ஆடினால் கொட்டகை. ஓலிவ் சிரோவாவின் வீட்டில் சுடர் படத்தில் வரைந்த மாதிரி நிற்கும். வருகிறவர்கள் கோட்டைக் கழற்றுவதற்குள் அவள் மெழுகுவத்தியும் கையுமாக ஜன்னலிடம் போய்விடுவாள். "அசையுதா பாரு. நல்லாப் பாரு" என்பாள். அசையவில்லை என்று சொன்னால்தான் காபி வரும்.

நான் கிளோவிஸ் டேகிள். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் வடக்கு முனையில், ஆற்றைத் தாண்டினால் கனடா என்கிற இந்தப் பள்ளத்தாக்கில், நாற்பது வருஷமாக கேஸ் அடுப்பும் ஹீட்டரும் மாட்டிக்கொடுப்பது என் பிழைப்பு. ஓலிவ் எனக்கு மூன்றாவது வீடு. என்னைவிட நாலு வயது மூத்தவள். அந்த நாலு வயதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை "ஜன்னலை மூடு" என்பதுதான். பின் சீட்டில் எவனாவது ஒரு விரற்கடை திறந்தால் போதும், வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்ப்பாள். அது மூடுகிற வரைக்கும் பஸ் நகராது. இன்றைக்கு நாற்பது வயதாகி, சொந்தமாக உருளைக்கிழங்குப் பண்ணை வைத்திருக்கிற ஆட்கள்கூடக் கடையில் அவளைப் பார்த்தால் தானாகக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்கள்.

அக்டோபர் பிறந்ததும் வீட்டை மூட்டைகட்ட ஆரம்பிப்பாள். அஸ்திவாரத்தைச் சுற்றித் தேவதாருக் கிளைகளை வெட்டி அடுக்குவாள். பனி விழுந்ததும் அதன்மேல் பனியை வாரி இடுப்பளவு அணைகட்டுவாள். எல்லா ஜன்னலுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஹேர் டிரையரால் சூடுகாட்டி மத்தளத் தோல் மாதிரி இழுத்துவிடுவாள். கதவிடுக்கில் கம்பளித் துணி, சாவித் துவாரத்தில் பஞ்சு. இதெல்லாம் நாங்கள் எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் நாங்கள் செய்வது குளிருக்காக. ஓலிவ் செய்தது மகளுக்காக.

அவளுடைய கணவன் எர்வே இறந்து ஐந்து வருஷமாகிறது. மறுவருஷம் அவளுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்புறம் விறகு தூக்க முடியவில்லை, விறகடுப்பை விற்றுவிட்டாள். கீழறையில் எண்ணெயில் ஓடுகிற கொதிகலன் ஒன்று இருக்கிறது. ஆனால் கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. இங்கே கரண்ட் நிற்க ஒரு நல்ல மழை உறைந்தால் போதும். ஒரே மகள் நடீன், ஐந்தரை மணி நேரத் தொலைவில் போர்ட்லாண்டில், ஒரு பல் வைத்தியரிடம் வேலை பார்க்கிறாள். விவாகரத்தானவள். அவளுக்கு அம்மாவை அங்கே கூட்டிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு இந்த வீட்டை விட்டு நகரக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பேச்சு வைத்துக்கொண்டார்கள்.

"ஒருநாள், ஒரே ஒருநாள் இந்த வீடு குளிர்ந்துபோனா அப்புறம் பேச்சே கிடையாது. நீ என்கூட வந்துடணும்" என்றாள் நடீன்.

"குளிர்ந்தாத்தானே" என்று ஓலிவ் கைகுலுக்கக் கையை நீட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குப் போன் வரும். முதல் கேள்வி, வீடு சூடாக இருக்கிறதா என்பது. அதற்குத்தான் அத்தனை கிளையும் பஞ்சும். போன செப்டம்பரில் என்னைக் கூப்பிட்டதும் அதற்குத்தான்.

கூடத்துச் சுவரில் அவளுக்கு ஒரு புரொப்பேன் கேஸ் ஹீட்டர் மாட்டினேன். கரண்ட் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம். குமிழை அழுத்தித் திருப்பினால் மூன்று பீங்கான் கற்கள் ஆரஞ்சு நிறத்தில் கனியும். வெளிச்சுவரை ஒட்டி ஆளுயரத்தில் இரண்டு சிலிண்டர். கூரையோரத்தில் விஷவாயு வந்தால் கத்துகிற கருவி ஒன்றையும் மாட்டினேன். எல்லாம் முடித்துவிட்டுச் சொன்னேன்.

"ஓலிவ், இது எரியறப்ப சமையலறை ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைக்கணும்."

"எதுக்கு?"

"இது ரூம்ல இருக்கிற காத்தைத் தின்னுதான் எரியும். புதுக் காத்து வரணும்."

"காசு குடுத்து கேஸ் வாங்கி, வீட்டைச் சூடு பண்ணி, அந்தச் சூட்டை ஜன்னல் வழியா ரோட்டுக்கு விடச் சொல்றே. நீ கேஸ் விக்கிறவன், அப்படித்தான் சொல்லுவே."

"நான் கேஸ் விக்கல. மாட்டறவன்."

"விக்கிறவன் உனக்கு மச்சான்."

அது உண்மைதான். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் 'ஜன்னலை ஒரு விரல் திற' என்று எழுதிச் சமையலறைக் கதவில் ஆணியடித்து மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது அதே ஆணியில் மாதா கோயில் காலண்டர் தொங்கியது. என் அட்டை அதற்குப் பின்னால் இருந்தது.

ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விழுந்து விழுந்தபடியே உறைந்தது. மரங்கள் ஒடிந்து கம்பிகள்மேல் சாய்ந்தன. மத்தியானத்துக்குள் ஆற்றோரம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மழை விட்டதும் குளிர் இறங்கியது, பூஜ்யத்துக்குக் கீழே இருபது. புதன்கிழமை காலையில் ஓலிவிடமிருந்து போன்.

"உன் ஹீட்டர் மட்டம். ரெண்டு மணி நேரம் எரிஞ்சுது, அணைஞ்சுபோச்சு. திரும்பப் பத்தவச்சேன், ஒரு மணி நேரம். இப்ப அரை மணி நேரம்கூட நிக்கல."

"ஜன்னல் திறந்திருக்கா?"

போனை வைத்துவிட்டாள்.

வழுக்காமலிருக்க பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் கட்டிக்கொண்டு நடந்தே போனேன். உள்ளே நுழைந்ததும் மூச்சு கனத்தது. ஜன்னல்களில் தண்ணீர் வழிந்து அடியில் பனிக்கட்டியாகக் கிடந்தது. கேஸ் எரிந்தால் நீராவி வரும், அது வெளியேற வழியில்லை. அவள் கோட்டும் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலைவலி இருந்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்ளவில்லை. மேலே மாட்டிய கருவி கத்தவில்லை, விஷவாயு சேருமுன்பே ஹீட்டர் அணைந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஹீட்டர்ல ஒரு குறையும் இல்ல. ரூம்ல பிராணவாயு குறைஞ்சா அதுவா அணைஞ்சுக்கும், அதுக்குன்னே உள்ள ஒரு சின்னச் சுடர் வச்சிருக்கான். அதுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்ல. அது அணையாம எரிஞ்சிருந்தா இந்நேரம் நான் பாதிரியாரைக் கூட்டிட்டு வந்திருக்கணும்."

"என் வீட்ல ஒரு துளிக் காத்து நுழையாது" என்றாள். அந்த நிலைமையிலும் அதில் ஒரு பெருமை.

"அதான் வியாதியே."

பையிலிருந்து கத்தியை எடுத்துச் சமையலறை ஜன்னலின் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தேன். ஓலிவ் எழுந்து நின்றுவிட்டாள். என் கன்னத்தில் அறையப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சட்டத்தைத் தட்டித் தட்டி ஒரு விரல் தூக்கினேன். கத்தி மாதிரி காற்று வந்தது. ஹீட்டரைப் பற்றவைத்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தேன், அணையவில்லை. வீடு நன்றாகச் சூடேறியது.  ஓலிவ் அந்த ஜன்னலை முறைத்தபடியே பக்வீட் மாவில் பிளோய் என்கிற எங்கள் ஊர் அப்பம் சுட்டு, வெண்ணெய் தடவி, என் தட்டில் போட்டாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது.

"சூடா இருக்கு. கேட்டுட்டே இருக்காதே" என்றாள். குரலில் என்ன இருந்ததோ, மறுநாள் மத்தியானம் நடீன் வாசலில் வந்து நின்றாள். உறைந்த ரோட்டில் ஒன்பது மணி நேரம் ஓட்டி வந்திருந்தாள்.

நானும் அப்போது அங்கேதான் இருந்தேன், சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தேன். நடீன் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவள் கண் ஜன்னலுக்குப் போனது. அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா. ஜன்னல் திறந்திருக்கு."

"ஆமா."

"ஜனவரி மாசம்மா இது."

"தெரியும். காலண்டர் இருக்கு."

நடீன் என்னைத் தனியாக வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "எத்தனை நாளா இப்படி இருக்காங்க, கிளோவிஸ் அங்கிள்? மறைக்காம சொல்லுங்க." உலகத்தில் வேறு யார் வீட்டு ஜன்னல் திறந்திருந்தாலும் நடீன் பயந்திருக்க மாட்டாள். ஓலிவ் சிரோவா ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் பெற்ற பெண் நினைப்பாள். நான் ஹீட்டருக்குள் இருக்கிற அந்தச் சின்னச் சுடரிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினேன். உள்ளே கூட்டி வந்து காலண்டரை நகர்த்தி என் அட்டையைக் காட்டினேன். தலையாட்டினாள். ஆனாலும் அம்மாவிடம் போய், "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்டாள்.

"வியாழன். நீ பொறந்தது செவ்வாய். மூணு வருஷமா நீ கேக்கறது இதே கேள்விதான், வேற வேற வார்த்தையில."

நான் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்றரை மணிக்கு இருட்டத் தொடங்கியபோது எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திரும்பி வந்தேன். கூடம் ஜில்லென்று இருந்தது. ஹீட்டர் அணைந்திருந்தது. சமையலறை ஜன்னல் மூடியிருந்தது. மூடியது மட்டுமில்லை, நாலு பக்கமும் வெள்ளி நிற டேப் ஒட்டியிருந்தது. நடீன் கோட்டுப் போட்டுக்கொண்டு ஹீட்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த ஓலிவ் அப்போதுதான் எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். டேப்பைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"வீடு குளிர்ந்துபோச்சும்மா" என்றாள் நடீன். "பேச்சு பேச்சுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது குளிரல, நீ அணைச்சே. படிச்ச பொண்ணு, அவ்வளவு விளக்கிச் சொன்னேனே, ஒண்ணுமே ஏறலியா?"

"ஏறுச்சு அங்கிள். புரிஞ்சுதான் ஒட்டினேன். அணைஞ்சிடும்னு தெரியும். அணையற வரைக்கும் இங்கேயேதான் உக்காந்திருந்தேன்."

 நடீன் கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். குளிருக்கா என்று தெரியவில்லை.

"மூணு வருஷமா தினம் நாலு மணிக்குப் போன் பண்றேன்" என்றாள். "வீடு சூடா இருக்கான்னு கேக்கறேன். இருக்குன்னு சொல்றே. ஒவ்வொரு தடவையும் இல்லைன்னு சொல்லிட மாட்டியான்னுதாம்மா கேக்கறேன். பெத்த அம்மாவுக்குக் குளிரணும்னு ஒருத்தி காத்துட்டு இருந்தா அவ என்ன பிறவி? ஆனா இருந்தேன். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனா அங்க பேச ஒரு ஆள் இல்ல. டிவியைப் போட்டுட்டுச் சாப்பிடறேன். டிவியை அணைக்கப் பயமா இருக்கு."

நான் கிளம்பியிருக்க வேண்டும். கதவோரமாக நின்றுவிட்டேன். ஓலிவ் ஜன்னலுக்குப் போய் ஒரு நுனியைப் பிடித்து டேப்பை உரித்தாள். அவசரமில்லாமல், நாலு பக்கமும். சட்டத்தை ஒரு விரல் தூக்கினாள். சுண்டுவிரலை விட்டு அளந்தும் பார்த்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஹீட்டர் முன்னால் குனிந்து, குமிழை அழுத்தி அரை நிமிஷம் பிடித்தாள். கல் சிவந்தது. அவள் ஜெயித்துவிட்டாள். வீடு அவளுடையது, இனி எத்தனை ஜனவரி வந்தாலும் அவளால் சமாளிக்க முடியும். மூன்று பேருக்கும் அது தெரிந்தது.

"இதுக்கு வீடு எதுக்குடி குளிரணும்?" என்றாள். "மூணு வருஷமா எனக்குக் குளிருதான்னே கேட்டே. எனக்குக் குளிரல, வரல. நீ எப்படி இருக்கேன்னு ஒருநாள் சொன்னியா?"

"நீ வீட்டை விட்டு வர மாட்டேன்னு..."

"எனக்காக வர மாட்டேன்னேன். உனக்காக வான்னு எப்பக் கூப்பிட்டே?"

நடீன் கையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். 

"எனக்குத் தனியா இருக்க முடியலம்மா. வாயேன்."

ஓலிவ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பக் கிளம்பணும்?" என்று கேட்டாள்.