வெளியேறும் வழியில் ஓர் உபயப் பலகை

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நீங்களும் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி முடித்து, கைகழுவி, பக்கவாட்டு நடைவழியாக வெளியே வந்திருப்பீர்கள். உங்கள் தலைக்கு மேலே அங்கே என்ன தொங்கியது என்று சொல்ல முடியுமா? இடிக்காதவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம்.

குற்றாலத்தில் நாங்கள் ஆண்டுதோறும் பட்டிமன்றம் பேசும் மண்டபம் ஒன்று உண்டு. சீசன் நாள்களில், அருவியில் குளித்தவர்கள் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அந்த மண்டபத்தில் உபயதாரர் பெயர் எழுதாத பொருளே கிடையாது. மின்விசிறியின் இறக்கையில் ஒரு பெயர், நாற்காலியின் முதுகில் ஒரு பெயர், பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு டியூப்லைட்டில் ஒரு பெயர். சன்னலில்லாத பக்கவாட்டு நடைவழியில், வெளிவாசலுக்கு முன்னால், இரும்புச் சட்டமிட்ட விளக்குப் பலகை ஒன்று இரண்டு சங்கிலிகளில் தொங்கியது. மண்டபத்துக்கு அதிகம் கொடுத்த வணிகரின் பெயர் அதில் சிவப்பாக எரியும்.

இந்தச் சீசனில், ஒரு பிற்பகலில், எங்கள் எதிரணிக்குத் தலைவனாக அமர்ந்தவன் என் கல்லூரித் தோழன். சுரண்டைக்காரன், ஆறடி ஓரங்குலம். காவல் உதவி ஆய்வாளர் பணிக்கான எழுத்துத் தேர்வையும் ஓட்டத்தையும் தாண்டிவிட்டான். மருத்துவப் பரிசோதனைக்கு நான்கு நாள்கள் இருந்தன. வயது வரம்பின்படி அதுவே அவனுக்குக் கடைசி வாய்ப்பு.

நடுவர் தீர்ப்புரையைத் தொடங்கியபோது மின்சாரம் போனது. மேடைக்குப் பின்னால் வயர் கருகும் நெடி எழுந்தது. "எல்லாரும் பக்கத்து வாசல் வழியா மெதுவா வாங்க" என்று மைக்செட்காரர் குரல் கொடுத்தார். யாரும் ஓடவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை. என் தோழன், ஒரு தாய்க்கு உதவியாக அவள் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு, படி தடுக்கக் கூடாதென்று தரையைப் பார்த்தபடி நடந்தான். விளக்கணைந்த பலகையில் பெயர் மறைந்திருந்தது, இரும்பு மறையவில்லை. அவன் நெற்றி அதில் மோதிய ஓசையை நான் கேட்டேன். குழந்தையைத் தாயிடம் கொடுத்த பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.

புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மேடையில் எனக்குப் போர்த்திய பொன்னாடையை வைத்து அழுத்தினேன். அது ஒரு துளியையும் உறிஞ்சவில்லை.

"ஏலே, தீர்ப்பு யாருக்கு?" என்றான்.

"ஒனக்குத்தாம்லே. பேசாம இரு."

"பொய் சொல்லுத. கண்ணுதான் தெரியல, காது கேக்கத்தான் செய்யுது."

மண்டப மேலாளர் வந்து முதலில் பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எத்தன பேரு இங்கன போறாவ, வாறாவ. தம்பி கொஞ்சம் குனிஞ்சு போயிருக்கலாம்லா."

"ஒட்டகத்துக்குத் தனி மண்டபந்தான் கெட்டணும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. உயரமாக வளர்ந்தது அவன் குற்றமாம். கருகும் நெடிக்கு நடுவே, இருட்டில், கையில் பிறர் குழந்தையோடு போகிறவன், கொடையாளரின் பெயருக்குக் கீழே குனிய மறந்தது தவறாம். தொங்கவிட்டவரை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

தென்காசியில் தையல் போட்டார்கள். பரிசோதனை நாளில் அவனுடைய இடக்கண் வீங்கி மூடியே இருந்தது. மாலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"கண்ணு சரியான பொறவு அடுத்த தேர்வுக்கு வான்னாவ. அதுக்குள்ள வயசு தாண்டிரும்னேன். அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாவ" என்றான்.

மேடைக்குக் குறிப்பெடுப்பதுபோல் கட்டட விதிகளைத் தேடிப் படித்தேன். கூட்டம் வெளியேறும் வாசலின் உயரம் இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. வழியில் தொங்கும் எதுவும் நடப்பவர் தலையில் இடிக்கக் கூடாது. இருட்டிலும் புகையிலும் மனிதன் நிமிர்ந்தே நடக்கலாம் என்று எங்கோ ஒருவர் நிதானமாக யோசித்து எழுதியிருக்கிறார். ஓர் அளவுநாடாவோடு மண்டபத்துக்குப் போனேன். பலகையின் கீழ்விளிம்பு ஐந்தடி பத்தங்குலத்தில் நின்றது. மேலே சங்கிலிகளில் பழைய வளையங்கள் துருவேறிக் கிடந்தன. கடைசி ஓரடி மட்டும் புதிதாக மின்னியது.

"இத எப்ப இறக்குனீங்க?" என்று மேலாளரைக் கேட்டேன்.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "என்ன தம்பி, நீங்க சொல்லித்தான. போன சீசன்ல பணிவப் பத்திப் பேசும்போது, எவ்வளவு ஒசந்த மனுசனும் இந்தப் பேருக்குக் கீழ தலை தாந்துதான் போணும்னு சொன்னீங்கள்லா. என்னா கைதட்டு. அண்ணாச்சிக்கு மனசு நெறஞ்சு போச்சு. மறுநாளே ஒரு அடி இறக்கச் சொல்லிட்டாவ."

அந்த வாக்கியம் எனக்கு நினைவிருந்தது. கண்ணாடி முன் நின்று மூன்று முறை ஒத்திகை பார்த்த வாக்கியம். மண்டபத்தை எங்களுக்கு இலவசமாகத் தரவைக்கும் அந்த வணிகரைக் குளிர்விக்க நான் செதுக்கிய முகத்துதி அது. ஒரு பேச்சைக் கேட்டு இரும்பை இறக்கிய அறிவீனத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதற்குக் குறையாத கோபம் என் நாவின்மேலும் உண்டு. பலகையை ஏற்றச் சொன்னேன். "அண்ணாச்சிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று அவர் நழுவினார்.

அடுத்த மாதம் அதே மேடையில் அந்த அண்ணாச்சியே எனக்குப் பொன்னாடை போர்த்த எழுந்தார். என் தோழன் கடைசி வரிசையில், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். நான் பொன்னாடையை ஏற்காமல் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன்.

"சென்ற ஆண்டு இங்கே நான் பேசிய ஒரு வாக்கியத்தால் என் நண்பனின் வேலை போயிற்று. அந்த வாக்கியத்தை உங்கள் முன்னிலையில் திரும்பப் பெறுகிறேன். பக்கவாசலில் தொங்கும் பலகை இரண்டு மீட்டருக்கு மேலே போகும்வரை இந்த மேடையில் பேச மாட்டேன். இனி எந்த ஊர் மண்டபத்துக்குப் போனாலும், வெளியேறும் வழியை முதலில் அளப்பேன். ஆறடி ஓரங்குல மனிதன் நிமிர்ந்து போக முடியாவிட்டால், அன்றைக்கு நான் பேசும் தலைப்பு அது ஒன்றுதான்."