ஆகாயத்திலிருந்து அளந்த காற்று

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று காத்திருந்தேன்... ஆறவில்லை.

போன ஞாயிறு என் மச்சினன் பாண்டி, நண்பர்கள் மூன்று பேரோடு தொண்டிக்குக் கிளம்பினான். வாடகைப் படகில் போய் மீன் பிடிக்கத் திட்டம். போகிற வழியில் திருநகரில் எங்கள் வீட்டில் காபி. பக்கத்து வீட்டு நிர்மலாவும் அப்போது வந்திருந்தார். பசுமலையில் கல்லூரிப் பேராசிரியர். சாட்டிலைட் ரேடார் மூலம் கடல் காற்றின் வேகத்தை அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

படகு என்றதும் லேப்டாப்பை எடுத்துவந்து காட்டினார். விடியற்காலையில் சாட்டிலைட் கடந்தபோதே தெற்கே கடலில் காற்று பலமாக இருந்ததாம். மதியம் தொண்டிப் பக்கமும் ஏறுமாம். இன்றைக்கு வேண்டாமே என்றார்.

பாண்டி ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தான். "இங்க ஒரு இலைகூட அசையல மேடம். அம்புட்டு உசரத்துல இருக்குற சாட்டிலைட்டுக்குக் காத்து எப்படித் தெரியும்?"

நல்ல கேள்விதான். அவரும் பொறுமையாகச் சொன்னார். "காத்து தெரியாது தம்பி, தண்ணிதான் தெரியும். காத்து அடிச்சா கடல்மேல சின்னச் சின்ன அலை எழும்பும். அது எம்புட்டு சொரசொரப்பா இருக்கோ, அம்புட்டுக்கு ரேடார் சிக்னல் திரும்பி வரும். அத வச்சு வேகத்தக் கணக்குப் போடுறோம்."

நால்வரும் தலையாட்டினார்கள். காரில் ஏறும்போது, டீச்சரம்மா பயமுறுத்துறாங்க என்று ஒருவன் சிரித்தது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

தொண்டியில் படகுக்காரர் செபஸ்தியானும் தயங்கியிருக்கிறார். வேறு படகு பார்ப்போம் என்று இவர்கள் மிரட்ட, பிழைப்பை நினைத்துக் கிளம்பிவிட்டார்.

மதியம் காற்று எழுந்தது. படகு ஆடிய ஆட்டத்தில் பாண்டி தடுமாறி விழப்போக, பாய்ந்து பிடித்த செபஸ்தியானுக்குக் கை முறிந்துவிட்டது. மிச்சமிருந்த கையால் படகைக் கரை சேர்த்திருக்கிறார் மனிதர். இவர்கள்? இறங்கியதும் காரில் ஏறிவிட்டார்கள்!

சாயங்காலம் பாண்டி போன் செய்தான். சாமிதான் காப்பாற்றியது என்றான்.

"சாமி காலையிலயே லேப்டாப்போட வந்துச்சே மாப்ள. நீதான கேக்கல" என்றேன்.

மொபைல் மேப் சொன்னால் முட்டுச் சந்தில்கூடக் காரை விடுகிறோம். அதுவும் சாட்டிலைட்தானே? ஆனால், படித்து ஆராய்ந்த ஒரு பெண் நேரில் வந்து சொன்னால் மட்டும் நமக்கு வேப்பமரத்தின் சாட்சி வேண்டியிருக்கிறது.

நடந்ததை நிர்மலாவிடம் சொன்னேன். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. படகுக்காரருக்கு எந்தக் கை என்று மட்டும் கேட்டார்.

பாண்டிக்குப் போன் போட்டேன். எந்தக் கை என்று கேட்டேன். அவனுக்கு ஞாபகமில்லை.