ஒன்பதாவது பெயருக்கு எதிரே

கனகு அண்ணை போய்விட்டார்.

காலையில் மகள் அனு மெசேஜ் போட்டிருந்தாள். "அப்பா இண்டைக்கு விடிய போயிட்டார் அங்கிள்." கையிலிருந்த தேத்தண்ணீர் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்...

இங்கே பலருக்கு அவரைக் கேரம் டவுன்ஸ் கோயில் வாசலில் நின்று கதைக்கிற மனிதராகத்தான் தெரியும். எனக்கு அவர் பேஸ்போல் மனிதர். ஓம், பேஸ்போல்தான். சிரிக்காதீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. டண்டினோங் பக்கம் ஒரு இயந்திரத் தொழிற்சாலை. இயந்திரப் படங்கள் வரைகிற அதன் ட்ராயிங் ஆபீஸில் தமிழர் நாங்கள் இரண்டே பேர். அவர் எனக்குச் சில வருஷம் முந்தி இந்த நாட்டுக்கு வந்தவர்.

தொழிற்சாலைக்கு ஒரு பேஸ்போல் டீம் இருந்தது. சனிக்கிழமைகளில் மட்ச். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டறைச் சுவரில் ஒரு ட்ரேசிங் பேப்பர் ஒட்டியிருக்கும்.

இயந்திரப் படங்களுக்கு எழுதுகிற அதே கறுப்பு மை, அதே அச்செழுத்து. விஷயம் மட்டும் வேறு... நாளைய ஆட்டம் எப்படிப் போகும் என்ற முன்னோட்டம். எழுதுகிறவர் கனகு அண்ணை. டீமுக்கு ஸ்கோரரும் அவர்தான், ஆட்களைத் தெரிவு செய்கிறவரும் அவர்தான்.

மேலே இரண்டு டீமின் பிட்சர்கள், அதாவது பந்து எறிகிறவர்கள். கீழே அடிக்க இறங்கும் எங்கள் ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு வரி. ஆங்கிலத்தில்தான் எழுதுவார், தாட்சண்யம் பார்க்க மாட்டார்.

எங்கள் பிட்சர் நிக், ஸ்டோர்ஸில் வேலை செய்த கிரேக்கப் பொடியன். அவனைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: "முதல் மூன்று இன்னிங்ஸ் நெருப்பு. அம்மா பார்க்க வந்திருந்தால் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது."

ஃபோர்மனுக்கு: "முதல் பந்தையே அடிக்கப் போவார். பொறுமை கிடையாது." ஃபோர்மன் இறைச்சி அடைத்த மீட் பையைக் கடித்தபடி வாசித்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டிக்கொண்டு போனார்.

இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? எனக்கு அது பெரிய புதினம். ஒருநாள் கேட்டே விட்டேன். "வாருமன் காட்டுறன்" என்று, அடுத்த வாரம் எங்களோடு மோத இருந்த டீமின் மட்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர், மடியில் குறிப்பெழுதும் கொப்பி. எல்லாரும் பந்தைப் பார்க்க, மனிதர் பிட்சரின் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்தை விடும். முழங்கையைப் பாரும். களைச்சால் அது கீழ இறங்கும். நாலாம் இன்னிங்ஸ் வரட்டும்."

நாலாம் இன்னிங்ஸில் இறங்கியது! அடுத்த பந்தை ஒருவன் வேலிக்கு வெளியே அடித்தான். அண்ணை கொப்பியில் ஏதோ குறித்தார், அவ்வளவுதான். எனக்குத்தான் புல்லரித்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஆசை. அந்தத் தாளில் என் பெயருக்கு எதிரே ஒரு வரி வர வேண்டும். இந்த மனிதர் என்னைப் பார்த்து என்ன எழுதுவார்?

ஊரில் பள்ளிக்கூட டீமுக்கு ஓப்பனிங் பட்ஸ்மன் நான். ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை மட்டையைத் தூக்கி அழகாக விடுவதில் எனக்குப் பெயர் இருந்தது. பேஸ்போலில் அது செல்லாது... நல்ல பந்து மூன்றை விட்டால் ஆள் அவுட்.

அந்த வருஷத்தின் கடைசி மட்ச். வென்றால் கேடயம். யாரோ ஒருவருக்குக் காய்ச்சல், முதல் தடவையாக அண்ணை என்னைச் சேர்த்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு சாப்பாட்டறைக்கு ஓடினேன்.

எதிர் டீம் பிட்சருக்கு மூன்று வரி. எங்கள் எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு வரி. ஒன்பதாவதாக என் பெயர்.

எதிரே ஒன்றும் இல்லை.

மறுநாள் கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்னால் நிற்கிறோம். மூன்றாம் பேஸில் நிக், ஒரு அடி விழுந்தால் ஓடிவந்து ரன்னைச் சமன் செய்யத் தயார். இன்னொரு அவுட்டோடு எல்லாம் முடியும். அடிக்கப் போனவன் நான். அதற்கு முன் அடிக்க இறங்கிய இரண்டு தடவையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் பந்து வந்தது. மட்டையைத் தூக்கிப் பந்தைப் போக விட்டேன். இரண்டாவதையும். மூன்றாவதையும்...

என்ன பந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. கை தானாகத் தூக்கியது.

கேடயம் போயிற்று. அண்ணை ஸ்கோர் புத்தகத்தை மூடிவிட்டு ஃபிளாஸ்க் மூடியில் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். "குடியும்" என்றார்.

திங்கட்கிழமை கேட்டேன். "ஏன் அண்ணை என்ரை பேருக்கு நேரை ஒண்டும் எழுதேல்லை?"

"எழுத என்ன கிடக்கு?"

அது சுட்டது. உண்மையைச் சொன்னால் பல வருஷம் சுட்டது. ஒரு வரிக்குக்கூட நான் தேறவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். போன வருஷம்கூட கோயிலில் சர்க்கரைப் பொங்கலும் கையுமாக நின்றவரிடம் கேட்டேன். "உந்தக் கதையை இன்னும் விடேல்லையே நீர்?" என்று சிரித்தார்.

மத்தியானம் அனு ஒரு படம் அனுப்பினாள். அந்தக் கடைசி மட்ச் தாளை அண்ணை எடுத்து வைத்திருந்திருக்கிறார்! ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் படம் பிடித்திருக்கிறாள். "அங்கிள், உங்கட நேமுக்குப் பக்கத்திலை ஏதோ ரப் அவுட் பண்ணின மாதிரி இருக்கு."

ட்ரேசிங் பேப்பரில் பிழை விட்டால் சவர பிளேட்டால் மையைச் சுரண்டி, நகத்தால் தேய்த்துவிடுவோம். சுவரில் ஒட்டினால் தெரியாது. வெளிச்சத்துக்குப் பிடித்தால்தான் தெரியும்.

படத்தைப் பெரிதாக்கினேன். மை இல்லை. பேனா அழுந்திய தடம் இருந்தது. எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தேன்.

"நெருக்கடி வந்தால் இவருக்குக் கிரிக்கெட் வந்துவிடும். மூன்று பந்தையும் விடுவார்."

வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கிறது மனிதருக்கு.

அப்படியென்றால் அண்ணை... பிளேட்டும் கையுமாக அந்த வரியைச் சுரண்டிய நீங்கள், என் பெயரை மட்டும் ஏன் சுரண்டாமல் விட்டீர்கள்?

போயிட்டு வாங்கோ.